ஒனேசிமோ அழைத்த கப்பல்

சான் ஜோர்ஜ் தீவில் வாடகை வேன் ஓட்டுகிறவர்கள் ஏழு பேர். ஆறு பேர் கப்பலில் வந்து இறங்கும் பயணிகளுக்குத் தீவைச் சுற்றிக் காட்டினார்கள். ஏழாவது ஆளான ஒனேசிமோ பெத்தன்கூர் அந்தப் பயணிகளின் காதில் பூச்சுற்றினார்.

எதிர்த்தீவின் பிக்கோ எரிமலை மேகத்துக்குள் மறைந்து கிடந்தால், "இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை இல்லையா? மலையைக் கழுவப் போட்டிருக்காங்க. வியாழக்கிழமை திரும்ப எடுத்து வெச்சிருவாங்க" என்பார். சரிவில் மேயும் மாடுகளைக் காட்டி, இது இந்தத் தீவுக்கே உரிய ஜாதி, வலது பக்கத்துக் கால் இரண்டும் குட்டை, அதனால் வலமாக மட்டும்தான் மலையைச் சுற்றும், தப்பித்தவறித் திரும்பினால் உருண்டு கடலுக்குத்தான் போகும் என்பார். ஒரு ஜெர்மன் பேராசிரியர் அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். படம்கூட வரைந்தார். ஒனேசிமோ அவருக்காக வேனை நிறுத்தி, எந்தக் கால் குட்டை என்று பொறுமையாக விளக்கினார். முகத்தில் ஒரு சுருக்கம் அசையவில்லை.

"இப்படி அண்டப்புளுகு புளுகுறீங்களே, பாவமில்லையா?" என்று யாராவது கேட்டால் அவருக்குக் கோபம் வரும். "அவங்க இவ்வளவு தூரம் வர்றது நிஜத்தைப் பார்க்கவா? அது அவங்க ஊர்லயே கொட்டிக் கிடக்குதே!"

லோரெய்ரோ என்கிற ஊர்தான் அவருக்கு. எப்போதோ எரிமலைக் குழம்பு வழிந்து கடலுக்குள் நீட்டிக்கொண்ட சமதரையில் அறுபது வீடுகள். இருபது வயதில் கனடாவுக்குப் போய்ப் பதினோரு வருஷம் இருந்தார். "பாங்க்ல வேலை. எல்லா அறைச் சாவியும் என்கிட்டதான்" என்று ஊருக்குக் கடிதம் எழுதினார். இது ஒன்றும் பொய்யில்லை. பாங்கைக் கூட்டித் துடைக்கிறவனிடம் சாவி இல்லாமல் வேறு யாரிடம் இருக்கும்? அந்தச் சாவியை நம்பித்தான் பக்கத்து ஊரான உர்ஸாலில் லுசீலியாவைப் பெண் கொடுத்தார்கள்.

கொடுக்கக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றவர் லுசீலியாவின் அண்ணன் அனக்லேத்தோ. பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் பால் சோதிக்கிறவர். முப்பது வருஷமாக யார் பாலில் எவ்வளவு தண்ணீர் என்று முகத்துக்கு நேரே சொல்லிச் சொல்லி, தீவில் பாதிப்பேரைப் பகைத்துக்கொண்டவர். அவர் வாயிலிருந்து ஒரு பொய் வந்ததாகச் சரித்திரம் கிடையாது. கல்யாணத்தன்று தங்கையைத் தனியே அழைத்து, "இவன் பேச்சுல பால் எவ்வளவு, தண்ணி எவ்வளவுன்னு இனிமே நீதான்மா பார்த்துக்கணும்" என்றார். தனியே அழைத்தாரே தவிர, குரலைத் தணிக்கவில்லை. பந்தி முழுக்கக் கேட்டது.

ஒனேசிமோ விடுகிற ஆளா? பிஷப் கப்பலில் ரகசியமாக வருகிறார் என்று மச்சானுக்கு ஒருநாள் தகவல் அனுப்பினார். அனக்லேத்தோ கோட்டு சூட்டோடு வேலாஷ் துறைமுகத்தில் மூன்று மணி நேரம் மழையில் நின்றார். வந்தது உரமூட்டைக் கப்பல். அதற்குப் பிறகு எட்டு வருஷம் இருவருக்கும் பேச்சில்லை. பண்டிகைக்குப் பண்டிகை லுசீலியாதான் இரண்டு வீட்டுக்கும் நடுவில் கிடந்து அல்லாடினாள்.

இப்படிப்பட்ட மனுஷன் வாழ்க்கையில் தண்ணீர் கலக்காமல் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். நாலு வருஷத்துக்கு முன்னால் லுசீலியாவின் இதயத்தில் கோளாறு என்று விமானத்தில் லிஸ்பனுக்குக் கொண்டுபோனார்கள். கூடப் போக இடமில்லை. ஒனேசிமோ ஊர்ச் சிறுகோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தூய ஆவியின் வெள்ளிக் கிரீடத்தின் முன்னால் முழங்காலிட்டு, "அவ திரும்பி வந்தா வர்ற ஒவ்வொருத்தருக்கும் வயிறு நிறையப் போடறேன்" என்றார். அவ்வளவுதான். வழக்கம்போல நீட்டி முழக்கத் தோன்றவில்லை. அழுகைதான் வந்தது.

லுசீலியா வந்துவிட்டாள். வாக்கு நின்றது.

எங்கள் தீவுகளில் தூய ஆவியின் விருந்து என்றால் விளையாட்டில்லை. ஊருக்கு ஊர் சீட்டுக் குலுக்கி விருந்துக்காரரைத் தேர்ந்தெடுப்பார்கள். கிரீடம் அவர் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிடும். விருந்தன்று ஊர் மண்டபத்தின் கதவு திறந்தே கிடக்கும். தெரிந்தவன், தெரியாதவன், பணக்காரன், பரதேசி, யார் வந்து உட்கார்ந்தாலும் கிண்ணத்தில் ரொட்டி போட்டு, புதினா போட்டு, கொதிக்கக் கொதிக்க மாட்டிறைச்சி சூப்பை ஊற்றவேண்டும். பின்னால் முட்டைக்கோசும் கறியும். யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. எல்லாம் முடிந்ததும் சபைத் தலைவர் கோலைத் தூக்கி மூன்று தரம் கேட்பார்: "யாருக்காவது பசி இருக்கா?" எங்கள் தாத்தாக்கள் காலத்தில் ஒரு விருந்தில் ஒரு குழந்தை "எனக்கு" என்று சொல்லிவிட்டது. அந்த வீட்டுக்கு இன்றைக்கும் காய்ந்த பானை வீடு என்றுதான் பெயர். அந்த வீட்டுப் பேத்தி பாஸ்டனில் பல் டாக்டராக இருக்கிறாள். ஊரிலிருந்து போகிறவர்கள் அங்கேயும் அவளைக் காய்ந்த பானை டாக்டர் என்றுதான் சொல்கிறார்கள். எங்கள் ஆட்களின் நாக்கு அப்படி.

வருஷாவருஷம் ஒனேசிமோ சீட்டுப் போட்டார். நாலாவது வருஷம் விழுந்தது: திரித்துவ ஞாயிறு, லோரெய்ரோ விருந்து. வேடிக்கையைப் பாருங்கள், அதே வருஷம் ஒரு வாரம் முந்தி, பெந்தெகொஸ்து ஞாயிறன்று உர்ஸாலில் விருந்துக்காரர் அனக்லேத்தோ.

அந்த நேரம் பார்த்துத்தான் இங்க்ரிட் போன் செய்தாள். பூஞ்சல், அங்ரா, ஓர்த்தா என்று துறைமுகம் துறைமுகமாகத் தீவுகளைச் சுற்றும் வெள்ளைக் கப்பல் ஒன்றில், பயணிகளைக் கரைக்கு அழைத்துப் போகிற பொறுப்பு அவளுக்கு.

"ஒனேசிமோ, பெந்தெகொஸ்து ஞாயிறு அங்க வர்றோம். எங்க ஆளுங்களுக்கு ஓட்டல் சாப்பாடு வேணாமாம். ஊர்ச்சாப்பாடு வேணுமாம்."

ஒனேசிமோவின் மூளைக்குள் ஒரு விளக்கு எரிந்தது.

"உர்ஸாலுக்கு வாங்க. பெரிய விருந்து. காசு கிடையாது, அழைப்பு கிடையாது."

"நாங்க நூத்தி எண்பத்தாறு பேராச்சே!"

"அதுதான் அழகு. ஒருத்தரை விட்டுட்டு வந்தாக்கூட விருந்துக்காரர் மனசு ஒடிஞ்சிடும். ரொம்பத் தொட்டாச்சிணுங்கி அந்த மனுஷன். கப்பல் ஊழியருங்களையும் கூட்டிட்டு வந்துடுங்க."

போனை வைத்துவிட்டு வேனுக்குள் உட்கார்ந்து தனியாகச் சிரித்தார். அனக்லேத்தோ முந்நூறு தட்டு என்று கணக்குப் போட்டால் முந்நூறுதான் சமைப்பார். அந்த முகம் எப்படி வெளிறும் என்று நினைத்து நினைத்து இரண்டு வாரம் சந்தோஷமாக இருந்தார்.

பெந்தெகொஸ்து விடிந்தபோது தென்மேற்கிலிருந்து அலை எழும்பித் துறைமுகச் சுவரைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. கப்பல் ஒரு மணி நேரம் வெளியே நின்று பார்த்தது. பிறகு மெல்லத் திரும்பி ஃபையால் தீவுப் பக்கம் போய்விட்டது. "அடியே, போகாதடி!" என்று ஒனேசிமோ சுவரோரம் நின்று கத்தியதைக் கயிறு கட்டுகிற ஆட்கள் கேட்டார்கள். உர்ஸால் விருந்து ஒரு குறையில்லாமல் நடந்தது. எரிச்சலில் ஒனேசிமோ அங்கே போய் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு வந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் மறுபடி போன்.

"ஒனேசிமோ, நல்ல சேதி! மத்த தீவெல்லாம் சுத்திட்டு ஞாயித்துக்கிழமை உங்க தீவுக்குத் திரும்பி வர்றோம். கடல் அமைதியா இருக்கும்னு சொல்லிட்டாங்க. விருந்து போச்சேன்னு எல்லாரும் அழாத குறை. விசாரிச்சா, இந்த ஞாயிறு லோரெய்ரோன்னு ஒரு ஊர்ல விருந்தாமே?"

ஒனேசிமோ போனை மறு காதுக்கு மாற்றினார்.

"நீங்க சொன்ன மாதிரியே ஒருத்தரையும் விடல. ஊழியருங்க நாப்பது பேரும் வர்றாங்க. விருந்துக்காரர் மனசு ஒடியக் கூடாது பாருங்க!"

ஒரே ஒரு பொய் போதும். விருந்து ரத்து, மாடுகளுக்குக் கோமாரி, பாதிரியார் ஓடிப்போய்விட்டார், எது சொன்னாலும் அவள் நம்பியிருப்பாள். வாயைத் திறந்தார். எதிரே அலமாரி மேல் பூக்களுக்கு நடுவே கிரீடம் பளபளத்துக்கொண்டிருந்தது. வர்ற ஒவ்வொருத்தருக்கும் என்று சொன்னது அதனிடம்தான். பிறந்ததிலிருந்து தண்ணீர் பட்டபாடாக வந்துகொண்டிருந்த பொய், அன்றைக்கு வரவில்லை.

"வாங்க" என்றார்.

உள்ளேயிருந்து லுசீலியா வந்தாள். "யாரு? முகம் ஏன் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு?"

"இருநூத்தி இருபத்தாறு பேரு கூடுதலா வர்றாங்க."

"எங்கேருந்து?"

"கப்பல்லேருந்து."

"நம்ம விருந்து அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஒனேசிமோ கிரீடத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். பிறகு சொன்னார். உங்க அண்ணனுக்காகத்தான் ஏற்பாடு பண்ணினேன், அலை கெடுத்துடுச்சு என்றார்.

லுசீலியாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே ஒரு மரக்கரண்டியை அவர் மேல் எறிந்தாள். அப்புறம் அழுகை வந்தது. "ஏன்யா மனுஷா, நாலு வருஷமா இதுக்குத்தானே காத்துக்கிட்டிருந்தீங்க? உங்க வாய் சும்மா இருக்கவே இருக்காதா?"

சமையல் நானூறு பேருக்கு. மாடுகள் வியாழனன்றே அறுபட்டு சுகாதார முத்திரை குத்தி வந்தாயிற்று. ஜனங்களைவிட மாடு அதிகமாக இருக்கிற தீவு இது. ஆனால் அறுப்புக்கூடம் வெள்ளி மத்தியானம் பூட்டினால் திங்கள்தான் திறக்கும். முத்திரை இல்லாத கறி விருந்துக்கு ஆகாது. ஒனேசிமோ வேனை எடுத்துக்கொண்டு தீவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினார். இரண்டு கறிக்கடைகளிலும் சேர்த்து முப்பது கிலோ கிடைத்தது. யானைப்பசிக்கு எம்மாத்திரம்?

"கொஞ்சம் தண்ணி சேர்த்தா..." என்று இழுத்தார்.

"தூய ஆவி சூப்புல தண்ணியா? எங்க அண்ணன் ஒரு வாய்ல கண்டுபிடிச்சிடுவான்" என்றாள் லுசீலியா.

சனிக்கிழமை காலையில் அவள் இனிப்பு ரொட்டிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடுவீடாகக் கிளம்பினாள். விருந்துக்கு முந்தின நாள் அப்படிப் போய் அழைப்பது வழக்கம்தான். ஆனால் இருக்கிற நிலைமையில் இன்னும் ஆள் கூட்டுகிறாளே என்று ஒனேசிமோவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவளோ லோரெய்ரோவை முடித்துவிட்டு உர்ஸாலுக்கும் நடந்து போய்விட்டு வந்தாள். "அங்க எதுக்கு?" என்று கேட்டதற்கு, "முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை கடல் எண்ணெய் ஊற்றினாற்போலக் கிடந்தது. கப்பல் ஒய்யாரமாக வந்து நின்றது. பூசை முடிந்து, கிரீடத்தை விருந்துக்காரர் தலையில் வைத்து ஆசீர்வதித்து, வாத்தியத்தோடு மண்டபத்துக்கு வந்தால் வாசலில் தொப்பியும் காமிராவுமாக இருநூற்று இருபத்தாறு பேர் நிற்கிறார்கள். தூரத்திலிருந்து வந்தவர்களுக்கு முதல் பந்தி. அதுவும் வழக்கம்.

ஒனேசிமோ கரண்டியைப் பிடித்துக்கொண்டு பானைகளின் வரிசையில் நின்றார். கப்பல்காரர்கள் சாப்பிட்டார்கள் பாருங்கள், அப்படியொரு சாப்பாடு! ஒரு ஹாலந்துக்காரர் மூன்றாம் தரம் கிண்ணத்தை நீட்டினார். "இந்த வாசனை என்னது?" என்றார். "புதினா" என்றார் ஒனேசிமோ. வேறு நாளாக இருந்தால் அந்தப் புதினாவுக்கு ஒரு புராணமே கிடைத்திருக்கும். மூன்றாம் தரமும் நிறையவே ஊற்றினார். இங்க்ரிட் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "விருந்துக்காரர் நீங்கதானா! சொல்லவே இல்லையே!" என்று கண்கலங்கினாள். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. பத்துப் பானையில் ஏழு கவிழ்த்தாயிற்று.

இருக்கிற மூன்று பானை நூறு பேருக்குக் காணுமா? வெளியே லோரெய்ரோவும் உர்ஸாலுமாக நானூறு பேர். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வருகிற கூட்டம் அது. அடுத்த பந்திக்குக் கதவு திறந்தது.

முதலில் வந்தவர் சில்வீனோ கிழவர். எழுபது வருஷமாகத் திரித்துவ ஞாயிறன்று மூன்று தட்டுக்குக் குறையாதவர். கிண்ணத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

"எனக்கு ஒரு கரண்டி போதும்பா. வீட்லயே சாப்பிட்டுட்டேன்."

"வீட்லயா? இன்னிக்கா?"

"ஏன், என் வீட்ல அடுப்பு கிடையாதா?"

அடுத்தவள், நேற்றுத் தின்ற மீன் வயிற்றில் உருளுகிறது என்றாள். அதற்கடுத்தவனுக்கு டாக்டர் உப்புக் கூடாது என்றிருக்கிறாராம். ஒரு தடியன் விரதம் என்றான்.

"திரித்துவ ஞாயித்துல என்னடா விரதம்?"

"அடுத்த வருஷ விரதத்தை இப்பவே முடிச்சு வெச்சுக்கறேன் மாமா."

ஆளுக்கு ஒரு கரண்டி சூப்பு, ஒரு துண்டு ரொட்டி. மேசைகளில் உட்கார்ந்து, "அப்பாடா, மூச்சு முட்டுது" என்று கப்பல்காரர்கள் காதில் விழும்படி வயிற்றைத் தடவிக்கொண்டார்கள். அத்தனை மோசமான பொய்களை ஒனேசிமோ தன் வாழ்நாளில் கேட்டதில்லை. தொழில் தெரிந்தவர் ஆயிற்றே, ஒவ்வொன்றிலும் ஓட்டை தெரிந்தது. லுசீலியா கூடையைத் தூக்கிக்கொண்டு போனது எதற்கு என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தார். அவள் அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

வரிசையில் அனக்லேத்தோ வந்தார். அதே பழைய கோட்டு சூட்டு. இந்த மனுஷனுக்குப் பொய் வராதே! பசிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் பின்னால் நிற்கிற அத்தனை பேர் வயிறும் ஆமாம் போட்டுவிடும்.

அனக்லேத்தோவின் காது சிவந்தது. நெற்றி வியர்த்தது. "நான்... சாப்பிட்டுட்டேன்" என்றார்.

ஒனேசிமோவின் நாக்கு சும்மா இருக்குமா? எட்டு வருஷம் கழித்து மச்சானிடம் பேசுகிற முதல் பேச்சு இது.

"என்ன சாப்பிட்டீங்க மச்சான்?"

"ஆட்டுக்கறி."

"உர்ஸால்ல ஆடு ஏது?"

"கோ... கோழி."

"ஆட்டுக்கறியா, கோழியா?"

"உயிரை வாங்காதே மாப்ளே!" அனக்லேத்தோ பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். "நேத்துப் பூரா மாடுங்ககிட்ட சொல்லிப் பழகினேன். ஒண்ணுகூட நம்பல."

ஒனேசிமோவுக்குச் சிரிப்பு வந்தது. அதை விழுங்கிவிட்டு, கரண்டியைப் பானைக்குள்ளேயே நிறுத்தினார். "மச்சான், அந்தக் கப்பலை நான் உங்க விருந்துக்குத்தான் வரச்சொன்னேன்" என்றார்.

"தெரியும். நேத்து தங்கச்சி சொன்னா. உன்னைக் கொன்னுடலாம்னுதான் எழுந்தேன். அவதான் அதுக்குப் பதிலா ஒரே ஒரு பொய் சொல்லுண்ணான்னு கேட்டா. கொலையே சுலபமா இருந்திருக்கும். ஊத்து, சீக்கிரம். ஒரு கரண்டி போதும்."

ஒரு கரண்டி ஊற்றினார். அவசரத்தில் பாதி மச்சானின் கோட்டில் சிந்தியது. அனக்லேத்தோ அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "தண்ணி இல்லை" என்றார். தலையை ஆட்டிக்கொண்டே போய் உட்கார்ந்தார்.

கடைசி ஆளும் உட்கார்ந்தபின் சபைத் தலைவர் கோலைத் தூக்கினார். கப்பல்காரர்கள் காமிராவைத் தூக்கினார்கள்.

"யாருக்காவது பசி இருக்கா?"

"இல்லை!"

"யாருக்காவது பசி இருக்கா?"

"இல்லை!"

நானூறு வயிறும் உள்ளே கடமுடா என்று உருட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் நின்றவர்களுக்கே அது கேட்டது. மூன்றாம் தரம் கேட்டபோது கோல் கீழே இறங்குவதற்கு முன்பே எல்லாரையும் முந்திக்கொண்டு ஒரு குரல் "இல்லவே இல்லை!" என்று கூரை அதிரக் கத்தியது. அனக்லேத்தோ. ஒன்று சொன்னபின் பழகிவிட்டது போலிருக்கிறது.

ஒனேசிமோ பானைகளுக்குப் பின்னால் போய், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதார். மூக்கைத் துடைத்துக்கொண்டு கடைசிப் பானையை எட்டிப் பார்த்தார். அடியில் ஒன்றரைக் கரண்டி சூப்பும், நாலு விரல் அகலத்தில் ஒரு துண்டுக் கறியும் கிடந்தன.

"நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

லுசீலியா இடுப்பில் கட்டிய துணியில் கையைத் துடைத்தாள். வெள்ளிக்கிழமையிலிருந்து உட்காராத கால் வீங்கியிருந்தது. "ஓ, எப்பவோ ஆச்சு. வயிறு முட்ட" என்றாள். கண்ணைக்கூட இமைக்கவில்லை. அன்றைக்குச் சொல்லப்பட்ட நானூற்றுச் சொச்சம் பொய்களில் குறை சொல்ல முடியாதது அது ஒன்றுதான்.

"பொய் சொல்லாதே லுசீலியா."

"யார் பேசறதுன்னு பாரு!" என்றாள் அவள்.

ஒனேசிமோ அவளைத் தோளைப் பிடித்து முக்காலியில் உட்காரவைத்தார். கிண்ணத்தில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டார், புதினா வைத்தார், பானையைச் சாய்த்து ஒன்றரைக் கரண்டியையும் ஊற்றினார், கறியையும் போட்டார். அவள் கடைசித் துண்டு ரொட்டியால் கிண்ணத்தைத் துடைத்துச் சாப்பிட்டு முடிக்கும்வரை கரண்டியைக் கீழே வைக்கவில்லை.